தண்ணீர் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லாருக்கும் என் அண்ணனைப் பிடிக்கும். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கும். அப்பா இறந்தபோது நான் பால் பற்கள் விழுந்துகொண்டிருந்த சிறுமி. அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போனார். அவர் படிக்காமல் விட்ட படிப்பை என்னைப் படிக்கவைத்தார். என் கல்யாணத்தன்று அப்பாவின் இடத்தில் நின்று என் கையைப் பிடித்துத் தேவாலயத்துக்குள் அழைத்துப் போனவரும் அவர்தான். எங்கள் சபையில் அவர் மூப்பர். பாட்டை முதலில் எடுப்பதும் அவர், நோயாளி வீட்டுக்கு முதலில் போவதும் அவர்.

இலங்கை மலைநாட்டில் எல்கடுவைக்கு மேலே, பனி விலகினால் மாத்தளை நகரம் பள்ளத்தில் தெரிகிற தோட்டம் எங்களுடையது. நான் அங்கே பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறேன். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் காலையில் பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டு மலைக்குப் போவார்கள். குளிப்பாட்டுவது, சாப்பாடு கொடுப்பது, தூங்கவைப்பது எல்லாம் எங்கள் வேலை. அந்த வேலையில் தண்ணீர் இல்லாமல் ஒரு மணி நேரம்கூட ஓட்ட முடியாது.

ஒரு காலத்தில் தோட்டத்துக்கே ஒரு பீலிதான் இருந்தது. பாறையிலிருந்து விழுகிற தண்ணீரைக் குடத்தில் பிடித்துக்கொண்டு ஏறிவர வேண்டும். பிறகு காட்டுக்குள் இருக்கிற ஊற்றிலிருந்து குழாய் போடலாம் என்று முடிவானது. எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை ஏலப் பணமும் அம்மன் கோயில் திருவிழாவில் மிஞ்சிய பணமும் ஒன்றாகச் சேர்ந்தன. சீமெந்து மூட்டையையும் மணலையும் எல்லாரும் தலையில் சுமந்தோம். நான் அப்போது வயிற்றில் கடைசிப் பிள்ளையோடு இருந்தேன்; சுமக்க விடவில்லை என்பதால் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஊற்றுக்குக் கீழே தண்ணீர்த் தாங்கி கட்டி, அதன் பக்கத்தில் வால்வுகளுக்கு ஒரு சிறிய அறையும் கட்டிப் பூட்டுப் போட்டோம்.

சாவி யாரிடம் இருப்பது என்று கூட்டத்தில் கேள்வி வந்தது. அம்மன் கோயில் தலைவர்தான் எழுந்து சொன்னார்.

"வேதக்காரருகிட்டயே இருக்கட்டுங்க. அவரு பொய் சொல்லமாட்டாரு."

எங்கள் தோட்டத்தில் கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்றுதான் சொல்வார்கள். தலைவர் கைகாட்டியது என் அண்ணனை. அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கண்ணீர் நடிப்பில்லை. அன்றைக்கு அவர் அப்படிப்பட்ட ஆள்தான். இதை இன்றும் நான் யாரிடமும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

சில வருடங்கள் கழித்து, மேலே, தாங்கிக்குச் சற்றுக் கீழே இருக்கிற முகட்டில் வெளியூர் வியாபாரி ஒருவர் விருந்தினர் விடுதி கட்டினார். பனியைப் பார்க்கக் கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அண்ணன் அங்கே சின்னச் சின்ன வேலைகளுக்குப் போய்வந்தார். பிறகு ஒரு நாள் புது ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"முதலாளி எடுத்துக் குடுத்தாரு புள்ள. ஓடிக் கடனக் கட்டுனா போதும்னு சொல்லிட்டாரு" என்றார்.

நாங்கள் சந்தோஷப்பட்டோம். நானே பூ கட்டி ஆட்டோவின் முகப்பில் போட்டேன். எங்கள் சபையை நடத்துகிற உபதேசியார் அதன்மேல் கை வைத்து ஜெபித்தார்.

அடுத்த கோடையில் குழாயில் தண்ணீர் மெலிந்தது. முதலில் நூல் மாதிரி வந்தது, பிறகு அதுவும் நின்றது. அண்ணன் எங்கள் வரிசை வீடுகளுக்கு லயம் லயமாக வந்து சொன்னார்: "ஊத்து வத்திப்போச்சுங்க. காட்ட வெட்டிக்கிட்டே இருக்காங்க, ஊத்து எங்க நிக்கும்?"

அவர் சொன்ன பிறகு யார் போய்ப் பார்ப்பது? ஒருவரும் போகவில்லை. பெண்கள் மறுபடியும் பீலிக்குக் குடம் தூக்கினார்கள். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த தோளில் அப்படியே தண்ணீர்க் கேன் ஏறியது. மடுவத்தில் பிள்ளைகளின் துணிகளை அலசத் தண்ணீர் இல்லை. வயிற்றுப்போக்கு வந்து ஒரு குழந்தையை மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதன் தாய் என் முகத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தேவலை.

சபையில் உபவாச ஜெபம் வைத்தோம். நடத்தியவர் அண்ணன். முழங்காலில் நின்று, "ஆண்டவரே, கன்மலையிலிருந்து தண்ணீர் தந்தவரே" என்று அவர் கதறியபோது நானும் சேர்ந்து அழுதேன்.

அந்த மாதமே விடுதியில் ஒரு விருந்து. துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் பெண்கள் தேவை என்றார்கள். சனிக்கிழமை மடுவத்துக்கு விடுமுறை என்பதால் நானும் போனேன். பின்பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். நீச்சல் குளம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. புல்லுக்குத் தண்ணீர் சுழன்று சுழன்று அடித்துக்கொண்டிருந்தது.

தோட்டக்காரர் ரத்தோட்டைப் பக்கத்துச் சிங்களவர், நல்ல மனிதர். இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று சிங்களத்தில் கேட்டேன். அவர் என்னை வியப்பாகப் பார்த்து, "உங்கள் ஆட்களுடைய தாங்கியிலிருந்துதான். உங்கள் அண்ணன்தானே பைப் போட்டுக் கொடுத்தார்? உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

நான் துணியைக் கீழே வைத்துவிட்டு மேலே ஏறினேன். தாங்கி நிரம்பி இருந்தது. ஊற்று எப்போதும்போல் சளசளவென்று அதில் விழுந்துகொண்டிருந்தது. பூட்டிய வால்வு அறையிலிருந்து எங்கள் பழைய குழாயோடு ஒரு புதுக் கறுப்புக் குழாயும் வெளியே வந்து, முகட்டைப் பார்த்து இறங்கிப் போயிருந்தது. பழைய குழாயில் காதை வைத்துக் கேட்டேன். சத்தமே இல்லை. புதுக் குழாய் கைவைத்தாலே குளிர்ந்தது.

இறங்கிவரும்போது தண்ணீரை எடுத்ததைவிட, மூடியவரே முழங்காலில் நின்று அதைக் கேட்டாரே என்பதுதான் என்னைக் கொன்றது. ஆண்டவரோடு ஒரே பாத்திரத்தில் கைபோட்டுச் சாப்பிட்டவன்தான் அவரைக் காட்டிக்கொடுத்தான் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அந்த மேசையில் உட்கார்ந்திருந்த மற்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

யாரிடமும் சொல்லாமல் சில நாட்கள் சுற்றினேன். உன் சகோதரன் உனக்குக் குற்றம் செய்தால் முதலில் தனியாகப் போய்ப் பேசு, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரை அழைத்துப் போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல் என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறார். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு நானே அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்தச் 'சகோதரன்' என் சொந்த அண்ணனாக இருப்பார் என்று நினைத்ததில்லை.

ஒரு மாலை தனியாகவே போனேன். அண்ணன் ஆட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணி பீலிக்குப் போயிருந்தார்.

"அண்ணே, நான் தாங்கிக்குப் போய்ப் பார்த்தேன்" என்றேன்.

துணி கண்ணாடியிலேயே நின்றது. "அங்க ஒனக்கு என்னா வேல?"

"ஊத்து வத்தலண்ணே. ஏண்ணே இப்படிச் செஞ்சீங்க?"

முதலில் மறுத்தார். பிறகு கோபப்பட்டார். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"இங்க பாரு. நம்ம அப்பா செத்தப்ப பொதைக்கிற எடத்தத் தவிர ஒரு அடி நெலம் அவருக்குச் சொந்தமா இருந்துச்சா? முதலாளி எனக்குக் காணி தாறேன்னு சொல்லியிருக்காரு. வூடு கட்டலாம். ஒன் மூத்த மகளுக்கும் விடுதியில வேல போட்டுத் தரச் சொல்றேன். கோட முடிஞ்சா எல்லாருக்கும் தண்ணி வந்துரும். கொஞ்ச நாளைக்கு வாய மூடிக்கிட்டு இரு."

"மடுவத்துல புள்ளைங்க சீக்காக் கெடக்குதுங்கண்ணே."

"நான் வளத்தவ நீ. எனக்கு நீ ஞாயம் சொல்லுறியா?"

அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

இரண்டாவது முறை போகும்போது உபதேசியாரையும் கோயில் தலைவரையும் அழைத்துக்கொண்டேன். சபை விஷயத்துக்கு வெளியாள் எதற்கு என்று உபதேசியார் தயங்கினார். "தாகத்துல மட்டும் அவங்களுக்கும் பங்கு, ஞாயத்துல இல்லையா?" என்று கேட்டேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

தலைவரைக் கண்டதும் அண்ணனின் முகம் கறுத்தது. தலைவர் சத்தம் போடவில்லை. வாசலிலேயே நின்று சொன்னார்:

"தம்பி, ஒங்க மூஞ்சிக்காக நாங்க சாவியக் குடுக்கல. நீங்க கும்புடுற சாமிக்காகக் குடுத்தோம். இப்ப எங்க ஆளுங்ககிட்ட நான் என்னாத்தச் சொல்றது?"

அண்ணன் கதவை மூடிக்கொண்டார். மூடுகிற கதவுக்குப் பின்னால் அண்ணி குடத்தோடு நிற்பதைப் பார்த்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்று தெரிந்தது. கோடை முழுக்க முதுகு ஒடியத் தண்ணீர் சுமந்தவர்களில் அவரும் ஒருவர்.

மிச்சம் இருந்தது சபை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரத்தில் நான் எழுந்து முன்னால் போனேன். அண்ணன் வழக்கம்போல் முதல் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். சபையில் அதற்கு முன் நான் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்ததைத் தவிர வேறு எதற்கும் வாய் திறந்ததில்லை.

"ஊற்று வற்றவில்லை" என்று தொடங்கினேன். கண்டதை மட்டும் சொன்னேன். தாங்கி, கறுப்புக் குழாய், நீச்சல் குளம். ஆட்டோவைப் பற்றியோ காணியைப் பற்றியோ பேசவில்லை. முடித்தபோது என் சேலைத் தலைப்பு கையில் கசங்கிப்போயிருந்தது.

அண்ணன் எழுந்தார். "என் தங்கச்சி பொய் சொல்லுறா. விடுதிக்கு ஆகாதவங்க யாரோ அவளத் தூண்டிவிட்டிருக்காங்க" என்றார். அவர் குரலுக்கு இருந்த மதிப்பில் சிலர் தலையாட்டினார்கள்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அண்ணி எழுந்தார். அவர் அதிகம் பேசுகிறவரே இல்லை. நேராக முன்னால் நடந்துவந்து, திருவிருந்து மேசையின்மேல் எதையோ வைத்தார். வால்வு அறையின் சாவி.

"இவ பொய் சொல்லல" என்றார். "அவரு சட்டப் பையில இருந்து காலையிலதான் எடுத்தேன். போய்த் தொறந்து பாருங்க."

அண்ணனைப் பார்த்து, "நானும்தானே தண்ணி சொமந்தேன்?" என்று மட்டும் கேட்டார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அண்ணன் வாங்கில் உட்கார்ந்தார். முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். யாரும் அவரைத் தொடவில்லை, திட்டவுமில்லை. உபதேசியார் சாவியை எடுத்தார். கடைசிப் பாட்டைப் பாட யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எல்லாரும் வெளியே வந்து மலையேறத் தொடங்கினோம்.

வழியில் லயங்களிலிருந்து ஆட்கள் கேட்டார்கள், "எங்க போறீங்க எல்லாரும்?" என்று. "தண்ணி தொறக்க!" என்று எங்கள் பெண்கள் கத்தினார்கள். அவ்வளவுதான். சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவைத்துவிட்டு வந்தவர்கள், பாதி சவரம் செய்த முகத்தோடு வந்தவர்கள், தலைவர், அவர் பின்னால் கோயில் இளைஞர்கள். தேயிலைக்கு நடுவே அந்த ஒற்றையடிப் பாதையில் கடைசி ஆள் கண்ணுக்குத் தெரியவில்லை.

அறையைத் திறந்தோம். எங்கள் வால்வு இறுக மூடியிருந்தது. என் கணவரும் இன்னொருவரும் சேர்ந்து சுற்றினார்கள். முதலில் குழாய்க்குள் காற்று இரைந்தது. பிறகு அந்தச் சத்தம்! மலைச்சரிவு முழுக்கத் தண்ணீர் ஓடி இறங்குகிற சத்தம். புதுக் குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்தார்கள். கீழே லயத்திலிருந்து ஒரு பெண் கூவினாள், "வந்துருச்சு! வந்துருச்சு!" அடுத்த லயத்திலிருந்து இன்னொரு குரல். குரல் ஒவ்வொரு லயமாக இறங்கிப் போனது.

நாங்கள் ஓடித்தான் இறங்கினோம். ஞாயிற்றுக்கிழமைச் சேலையோடு பெண்கள் குழாயடியில் நின்று நனைந்தார்கள். தாத்தாக்கள் தலையை நீட்டினார்கள். மடுவத்தைத் திறந்து, கிடைத்த பிள்ளைகளை எல்லாம் பிடித்துக் குளிப்பாட்டினேன். வழுக்கி வழுக்கி ஓடினார்கள். பாடாமல் விட்ட பாட்டை எங்கள் ஆட்கள் குழாயடியிலேயே தொடங்க, கோயில் தப்பு மேளம் அதற்குத் தாளம் போட்டது. அப்படி ஒரு ஆராதனையை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

பின்னேரம் விடுதி முதலாளி ஜீப்பில் வந்தார். பொலிசுக்குப் போவேன் என்றார். "போங்க தொர, நாங்களும் வாறோம்" என்றார்கள் ஈரச் சேலைப் பெண்கள். தண்ணீர் தருவதாக எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது என்றார் முதலாளி. "அவரு தனக்குச் சொந்தமில்லாததக் குடுத்துட்டாருங்க. ஒங்களுக்குத் தண்ணி வேணும்னா எங்க எல்லாருகிட்டயும் கேளுங்க" என்றார் தலைவர். முதலாளி கேட்கவில்லை, ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போனார். அவர் அண்ணனுக்குக் காட்டிய காணியும் அவருடையதல்ல, தோட்டத்துக்குச் சொந்தமான நிலம் என்று பிறகு தெரிந்தது. விடுதிக்கு இப்போது பவுசர் லொறியில் தண்ணீர் போகிறது.

அண்ணன் அதற்குப் பிறகு சபைக்கு வரவில்லை. அவர் பெயரை வெட்ட வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். சபைக்கும் செவிகொடுக்காதவனை, ஊர் வெறுத்த வரிக்காரனான ஆயக்காரனைப்போல் எண்ணச் சொல்லியிருக்கிறதே என்றார்கள். அது உண்மைதான். ஆனால் ஆண்டவர் ஆயக்காரனுக்கு என்ன செய்தார்? அவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார். நான் அதைச் சொன்னதும் பெயரை வெட்டுகிற பேச்சு நின்றது.

சொல்லிவிட்டேனே தவிர, செய்வது லேசாக இல்லை. என்னைப் பொய்க்காரி என்று சபை நடுவே சொன்னவருக்காகக் கருவாட்டுக் குழம்பு வைக்கும்போது மனம் கொதித்தது. முதல் தடவை அவர் கதவைத் திறக்கவில்லை. சோற்றை அண்ணியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பவும் போனேன். பிறகு ஒரு நாள் அவரே திறந்தார். மெலிந்திருந்தார். இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கையை நக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"மொதல்ல நெரம்பி வழியிற தண்ணியத்தான் குடுத்தேன் புள்ள. வீணாப் போறதுதானேன்னு நெனச்சேன். அப்பறம் ஆட்டோ வந்துச்சு. அப்பறம் காணியக் காட்டுனாரு. ஒரு பலா மரம், ரெண்டு கராம்பு மரம். கண்ண மூடுனா அந்தக் காணியிலதான் நடந்துக்கிட்டிருப்பேன். அவரு இன்னும் கொஞ்சம் தண்ணி கேப்பாரு, நான் இன்னும் கொஞ்சம் திருகுவேன்."

"ஜெபம் பண்றப்பண்ணே?"

"வாயி ஜெபம் பண்ணிச்சு" என்றார். சொல்லிவிட்டு அழுதார். வளர்ந்த ஆண் பிள்ளை அப்படி விம்மி நான் பார்த்ததில்லை. தோளில் கை வைத்தேன். அந்த நிமிஷத்தில் என் கோபம் எங்கே போனதோ தெரியாது.

அடுத்த ஞாயிறு அவர் சபையில் எழுந்து மன்னிப்புக் கேட்டார். நான் பொய் சொல்லவில்லை என்றும் சொன்னார். யாரும் சொல்லாமலே கோயில் வாசலுக்கும் போய்க் கேட்டார். தலைவர் அவரை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். சாவி இப்போது அண்ணியிடமும் லயத்துக்கு ஒருவராக இன்னும் சில பெண்களிடமும் இருக்கிறது; தனியாக ஒருவர் போய்த் திறப்பதில்லை.

அத்தோடு அண்ணன் நிற்கவில்லை. எங்கள் தோட்டத்தில் மேட்டு லயம் என்று ஒன்று உண்டு. தாங்கியைவிட உயரமான இடம் என்பதால் அங்கே ஒரு நாளும் குழாய் போகவில்லை. அண்ணன் ஆட்டோவை விற்றார். முதலாளியின் கடனைத் தீர்த்துவிட்டு, மிஞ்சியதில் குழாயும் ஒரு சிறிய மோட்டாரும் வாங்கினார். மேலே தாங்கி வைக்க இடம் பார்த்தார். குழாய் புதைக்கத் தனியாகவே கான் வெட்டத் தொடங்கினார். மழையில், சேற்றில், ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வெட்டினார். இரண்டாவது வாரம் என் கணவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். பிறகு உபதேசியார். பிறகு கோயில் இளைஞர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து கானில் இறங்கினார்கள். "நீங்க எதுக்கு?" என்று அண்ணன் கேட்டாராம். "ஒங்களுக்காக இல்ல, மேட்டு லயத்துக்காக" என்று சிரித்தார்களாம்.

மேட்டு லயத்தில் தண்ணீர் விட்ட நாள் எல்லாரும் அங்கேதான். கோயிலில் பொங்கல் வைத்தார்கள், எங்கள் சபையிலிருந்து இறைச்சிக் கறி போனது. குழாயைத் திறக்க அண்ணனைக் கூப்பிட்டார்கள். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு, அந்த லயத்தில் பிறந்து அங்கேயே பேரப்பிள்ளை கண்ட ஒரு கொழுந்துக்காரம்மாவைக் காட்டினார். அந்த அம்மா திருகியதும் தண்ணீர் சேறும் காற்றுமாகச் சீறி, அவர் முகத்திலேயே அடித்தது. அவர் துடைக்கவே இல்லை. வாயைத் திறந்து சிரித்துக்கொண்டே நின்றார்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அண்ணன் ஓரமாக ஒதுங்கப் பார்த்தார். மேட்டு லயத்துப் பெண்கள் விடவில்லை. கையைப் பிடித்து இழுத்து, தலைவருக்கும் உபதேசியாருக்கும் நடுவில் உட்காரவைத்து, அவர் தட்டில்தான் முதலில் சோறு போட்டார்கள். அவர் தலை குனிந்தபடியே சாப்பிட்டார். தட்டு காலியானதும் நிமிர்ந்து, கூச்சத்தோடு, "இன்னும் கொஞ்சம் சோறு இருக்குங்களா?" என்று கேட்டார்.

லயமே சிரித்தது. அவரும் சிரித்தார்.